இரவல் கொடுத்த ஆம்ப்ளிஃபயர்

போன மாதம் உங்களில் மூன்று பேர் ரங்கூன் தாமுவேயில் என் வீட்டுக்கு வந்தீர்கள். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "சயா, அந்தக் காலத்துப் பாட்டுல உங்க கிட்டாரு மட்டும் கரகரன்னு அழுவுமே, அது எப்படி சயா வந்துச்சு?" என்று கேட்டீர்கள். வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல 'சயா' என்றதைக் கேட்டு, நான் தேநீரைக் குடிக்கச் சொல்லிப் பேச்சை மாற்றினேன். ஒருவன் அலைபேசியில் யாரோ ஓர் இங்கிலாந்துக் கிழவரின் படத்தைக் காட்டி, "இவரு மாதிரியே வாசிச்சிருக்கீங்க" என்று புகழ்ந்தான். அதற்கு நான் சிரித்த சிரிப்பை நீங்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அது அடக்கம் இல்லை. நேரில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.

அறுபதுகளின் நடுவில் எனக்கு வயது இருபத்து மூன்று. நகரின் நடுவே கியாக்டடாவில் ஒரு ஹோட்டலில் மாலை நேரம் வாசிக்கும் பேண்டில் கிட்டார்க்காரன். அப்பா துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. மிஷன் பள்ளியில் படித்த மகன் தன்னைப் போலவே பேனா பிடிப்பான் என்று நம்பி ஏமாந்தவர். பேண்டில் நாங்கள் ஆறு பேர். தலைமை, பியானோ வாசித்த ஒரு பெண்மணி. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, நாங்களும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஆன்டி என்றுதான். அவருடைய அப்பா இரயில்வேயில் கார்டாக இருந்த வெள்ளைக்காரர், அம்மா தமிழ். மேசைக்கு வரும் விருந்தினரிடம் ஆங்கிலம், ஹோட்டல்காரர்களிடம் பர்மியம், எங்களைத் திட்டுவதற்கு மட்டும் தமிழ்.

ஹோட்டலை அரசாங்கம் எடுத்துக்கொண்டு மேலே ஓர் இராணுவக் கேப்டனை உட்கார்த்தியிருந்த காலம் அது. நடன மண்டபங்களெல்லாம் மூடிக் கிடந்தன. வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் பேண்டை விட்டுவைத்திருந்தார்கள். மெதுவாக வாசிக்க வேண்டும், யாரும் எழுந்து ஆடிவிடக் கூடாது, அவ்வளவுதான் உத்தரவு. எங்களிடம் ஒரே ஓர் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. பழைய முதலாளி காலத்தில் வந்தது. அது போனால் இன்னொன்று வர வழியில்லை. இறக்குமதி என்ற சொல்லையே ஊர் மறந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு லண்டன் பைத்தியம் பிடித்தது. துறைமுகத்தில் கப்பல் ஆட்கள் கொண்டுவரும் இசைத்தட்டுகளில் இங்கிலாந்துப் பிள்ளைகள் சிலர் ப்ளூஸ் வாசித்தார்கள். ப்ளூஸ் யாருடையது? அமெரிக்காவில் பருத்திக் காட்டில் முதுகொடிந்த கறுப்பு மக்களுடையது. வயிறெரிந்து பாடியது. அதை இருபது வயது வெள்ளைக்காரப் பிள்ளைகள், அம்மா சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கற்றுக்கொண்டார்கள். சின்ன கிளப்புகளில் வாசித்துப் பேர் வாங்கினார்கள். பிறகு இங்கிலாந்து போதவில்லை. ஆஸ்திரேலியா வேண்டும், அமெரிக்கா வேண்டும் என்று கிளம்பினார்கள். யாரிடமிருந்து எடுத்தார்களோ அந்த ஊருக்கே கொண்டுபோய் விற்பதற்கு.

அவர்களைப் பார்த்து நான் தாமுவேயில் கதவைச் சாத்திக்கொண்டேன். நகலுக்கு நகல். என்னை நகலெடுத்து இப்போது நீங்கள் வாசிக்கிறீர்கள். உங்கள் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் காலை, ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு விமானம் எஞ்சின் கோளாறால் ரங்கூனில் இறங்கியது. பயணிகளை எங்கள் ஹோட்டலில் கொண்டுவந்து விட்டார்கள். அதில் முடி வளர்த்த நான்கு பையன்கள், அவர்களை மேய்க்க ஒரு மேனேஜர். கிட்டார் பெட்டிகளைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடினேன். அவர்கள் அப்படியொன்றும் பெரிய பேர் இல்லை. ஒரு தட்டு ஓரளவு ஓடியிருந்தது. ஆனால் ப்ளூஸ் பேண்ட், லண்டனிலிருந்து வந்த ப்ளூஸ் பேண்ட்! நானே போய் அவர்கள் பெட்டிகளைத் தூக்கினேன். யாரும் கேட்கவில்லை. நானாகத் தூக்கினேன்.

முன்னணி கிட்டார் வாசித்தவன் பெயர் கெவின். என்னைவிட மூன்று வயது சின்னவன். ஹோட்டல் கூடத்தில் பெரிய கண்ணாடி முன்னால் நின்று தலையைக் கலைத்துவிட்டுக்கொண்டே என்னிடம் கேட்டான்.

"இந்த ஊரில் யாராவது ப்ளூஸ் வாசிக்கிறார்களா?"

நான் வாசிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். "இல்லை. நாங்கள் வெறும் ஹோட்டல் பேண்ட்" என்றேன். அந்த 'வெறும்' எங்கிருந்து வந்தது? பின்னால் ஐந்து பேர், ஒவ்வொருவரும் இந்தப் பையன் பிறப்பதற்கு முன்னிருந்து வாசிப்பவர்கள், ஒத்திகைக்காக நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆன்டி திரும்பிப் பார்த்தார்.

மேனேஜர் குண்டான ஆள், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "முதலில் இவர்கள் ஓர் இனிப்பான பாட்டு வாசிக்க வேண்டும். ஆஸ்திரேலியப் பெண்களுக்குப் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு அமெரிக்கா. இவனுக்குச் சொன்னால் புரியவில்லை" என்றார்.

"எனக்குக் கூட்டம் வேண்டாம். உண்மைதான் வேண்டும்" என்றான் கெவின், கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

எனக்கு மயிர் கூச்செறிந்தது. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்று மாலை ஆறு மணிக்கு ஹோட்டலில் அரசாங்க விருந்தினர் சிலருக்கு ஒரு சின்ன வரவேற்பு. கேப்டனுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. லண்டன் பேண்ட் சும்மா உட்கார்ந்திருக்கிறது, இரண்டு பாட்டு வாசிக்கட்டுமே, மேலே இருப்பவர்களுக்கும் நம் ஹோட்டலைப் பற்றி நல்ல எண்ணம் வருமே என்று. "மெதுவான பாட்டு" என்று மூன்று முறை சொன்னார். மேனேஜர் மூன்று முறை தலையாட்டினார். அவர்களுடைய கருவிகள் விமானத்தின் வயிற்றில் பூட்டிக் கிடந்தன. கையில் கிட்டார் மட்டும்தான். டிரம்ஸ் எங்களுடையது. ஆம்ப்ளிஃபயர்?

"என்னுடையதைத் தருகிறேன்" என்றேன். என்னுடையதாம்!

ஆன்டி என்னை பியானோவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"டேய் சவரி, அது நம்ம ஆறு பேரோட சோறு. தெரியுதா?"

"தெரியும் ஆன்டி. ரெண்டே பாட்டுதான்."

"அவன் கையப் பாத்தேன். அவன் வால்யூம முழுசா திருப்புற ஜாதி. குடுக்கறதுன்னா குடு, நான் தடுக்கல. ஆனா பிளக்கு கிட்டயே நில்லு. சூட்டு வாசன வந்துச்சுன்னா எவன் மூஞ்சியயும் பாக்காத. பிடுங்கிடு."

"சரி ஆன்டி."

"வாயால சொல்லாத. செய்யி."

ஆறு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. முதல் பாட்டு மேனேஜர் சொன்ன இனிப்புப் பாட்டு. கெவின் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாசித்தான். விருந்தினர் மனைவிகள் தலையசைத்தார்கள். கேப்டன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இரண்டாவது பாட்டுக்கு முன்னால் கெவின் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றான். குனிந்து எங்கள் ஆம்ப்ளிஃபயரின் வால்யூமைக் கடைசிவரை திருப்பினான். என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான். நானும் சிரித்தேன்.

பொய் சொல்ல மாட்டேன். முதல் அரை நிமிடம் நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது. ஒரே சுரத்தை அவன் வளைத்து வளைத்து இழுத்தபோது என் நெஞ்சுக்குள் என்னவோ அறுந்தது. பெட்டி கதறியது. பிறகு வாசனை வந்தது. பழைய கருவியின் வயிற்றில் தூசியும் மெழுகும் கருகும் வாசனை. பிளக் என் வலது காலடியில் இருந்தது. குனிந்தால் கைக்கு எட்டும்.

கேப்டன் எழுந்து நின்றுவிட்டார். முன்வரிசையில் ஒரு பெரியவர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். ஓரத்து மேசையில் வெளிநாட்டு இளைஞர் இருவர் எழுந்து ஆட ஆரம்பித்திருந்தார்கள். பியானோ முன்னால் உட்கார்ந்திருந்த ஆன்டி என்னையே பார்த்தார். நான் கெவினைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பாதிப் பாட்டில் ஒரு லண்டன்காரனின் ஒயரைப் பிடுங்கினால் என்னைப் பற்றி என்ன நினைப்பான்? அந்த வேளையில் என் மண்டைக்குள் ஓடியது இது ஒன்றுதான். ஆறு பேரின் சோறு இல்லை, கேப்டன் இல்லை, கருகும் வாசனைகூட இல்லை. நாளைக் காலை பறந்துபோகப் போகும் ஒருவன் என்னைப் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவானோ என்பதுதான்.

ஸ்பீக்கர் கிழிந்தது. துணிக்கடையில் சீலையைக் கிழிப்பதைப் போல ஓர் ஒலி, பிறகு டப்பென்று ஒரு வெடி, புகை. ஒரு பெண்மணி வீறிட்டார். அதற்குப் பிறகு கூடத்தில் அமைதி. இந்தத் தொழிலில் அந்த அமைதியை நீங்கள் ஒருமுறையாவது கேட்பீர்கள். அப்போது யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். விரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்க வேண்டாம்.

ஆன்டி பியானோவில் கை வைத்தார். நாங்கள் என்றுமே ஹோட்டலில் வாசிக்காத ஒரு பர்மியப் பழம்பாட்டு, கோயில் விழாக்களில் வாசிப்பது. அவசரமே இல்லாமல், வீட்டுக் கூடத்தில் தனக்காக வாசிப்பவரைப் போல வாசித்தார். முன்வரிசைப் பெரியவர் காதிலிருந்து கையை எடுத்தார். ஆடியவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். அதே பெரியவர் கொஞ்ச நேரத்தில் வாய்க்குள் பாட ஆரம்பித்தார். பாட்டு முடிந்தபோது கைதட்டல்கூட வந்தது.

கேப்டன் மேடைக்கு வந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மேலே இருப்பவர்களுக்குப் பயந்த மனிதர். குரலை உயர்த்தாமல் ஆன்டியிடம் பர்மியத்தில் கேட்டார்.

"சயாமா, இந்தக் கருவி யாருடைய பொறுப்பு?"

நான் வாயைத் திறந்தேன். திறந்ததுதான்.

"என்னுடையது" என்றார் ஆன்டி. "பழைய கருவி. சரியாகப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன்."

கேப்டன் என்னைப் பார்த்தார், என் காலடியில் இருந்த பிளக்கைப் பார்த்தார், மறுபடி ஆன்டியைப் பார்த்தார். "இனி இங்கே மின்சாரக் கிட்டார் வேண்டாம். பேண்டுக்கு வேறு தலைவரைப் போடுகிறேன்" என்று சொல்லிவிட்டு விருந்தினரிடம் போய்விட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை கெவின் மொஹிங்கா மீன் நூடுல்ஸைக் கரண்டியால் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நினைத்து, 'பரவாயில்லை' என்று சொல்ல நான் தயாராகக்கூட இருந்தேன்.

"கடைசியில் கிழிந்தபோது வந்த அந்த ஒலி! கேட்டாயா? அதைத்தான் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்."

"ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது" என்றேன்.

"ஹோட்டல் வேறொன்று வாங்கித் தரும், இல்லையா?"

மேனேஜர் நான்கு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு புகைப்படத்தை என் கையில் வைத்தார். அதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டவனைத்தான் நீங்கள் சயா என்கிறீர்கள். பத்து மணிக்கு அவர்கள் போய்விட்டார்கள்.

புதிய தலைவர் ஒரு கிளாரினெட்காரர். கேப்டனுக்கு வேண்டியவர். நாலு வரை தாளம் எண்ணச் சொன்னால் சில நாள் மூன்றரையில் நின்றுவிடுவார். அவர் தப்பாக நுழைந்துவிட்டு, கூட்டத்துக்கு முன்னாலேயே ஆன்டியைத் திரும்பிப் பார்த்து முறைப்பார். ஆன்டி தலையைக் குனிந்துகொள்வார். ஐந்தடி தள்ளி நான் மரக்கிட்டாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டு சாக்ஸஃபோனுக்கு நடுவில் அது யாருக்கும் கேட்காது. எனக்கு அது வசதியாக இருந்தது.

கிழிந்த ஸ்பீக்கரை நகரைச் சுற்றிவரும் வட்ட ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு இன்சீனுக்குப் போனேன். இரயில்வே பட்டறையில் வேலை பார்த்த முனுசாமி அண்ணன் எதையும் ஒக்கிட்டுக் கொடுப்பார் என்று சொன்னார்கள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னா தம்பி, நாய் கடிச்சு வச்சாப்ல இருக்கு?"

"வெள்ளக்காரன் வாசிச்சான் அண்ணே."

"வாசிச்சானா?" என்று ஒருமுறை என்னை ஏற இறங்கப் பார்த்தார். குடைக்குப் போடும் ஷான் காகிதத்தைச் சோற்றுப் பசையால் ஒட்டி, கருகிய கம்பியை மாற்றிக் கொடுத்தார். "சத்தம் வரும். ஆனா சுத்தமா வராது. தொண்ட கட்டுன மாரிதான் வரும்."

அப்படித்தான் வந்தது. அந்த ஆம்ப்ளிஃபயரை ஹோட்டல் கழித்துவிட்டதால் என்னோடு தாமுவேக்கு வந்துவிட்டது. கொஞ்ச நாளில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிலர் மேல்நாட்டுப் பாட்டுகளுக்குப் பர்மிய வரிகள் போட்டு ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினார்கள். என் வீட்டில் அந்தக் கட்டிய தொண்டையைக் கேட்டதும் அவர்களுக்கு வெறி பிடித்துவிட்டது. "லண்டன் சவுண்ட்" என்றார்கள். லண்டனாம். ஷான் காகிதமும் சோற்றுப் பசையும்! பகலில் எனக்கு ஒலிப்பதிவுக்கு மேல் ஒலிப்பதிவு. மேதை என்று முதலில் கூப்பிட்டவர்கள் அவர்கள்தான். உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். ஆனால் கதை இதோடு முடியவில்லை.

பகலில் மேதையாக இருந்துவிட்டு மாலையில் போய் ஆன்டிக்கு ஐந்தடி தள்ளி உட்காருவேன். ஒன்றரை வருடம்.

ஒரு நாள் கப்பல்காரர் ஒருவர் கொண்டுவந்த தட்டுகளுக்குள் கெவினின் முகம் இருந்தது. தலையைப் படிய வாரி, நால்வரும் ஒரே நிறத்தில் கோட்டு. எடுத்துப் போட்டேன். இருபது வயலின், பின்னால் பெண்களின் கோரஸ், நிலா, முத்தம். கிட்டாரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அது ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஓடு ஓடென்று ஓடுவதாகக் கப்பல்காரர் சொன்னார். கூட்டம் வேண்டாமென்றவனுக்குக் கூட்டம் கிடைத்துவிட்டது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதே சிரிப்போடு தட்டைத் தூக்கிக்கொண்டு ஆன்டி வீட்டுக்குப் போனேன். அவரும் சிரிக்க வேண்டும் என்று.

அவர் முழுவதும் கேட்டார். சிரிக்கவில்லை.

"நல்லாத்தானடா வாசிச்சிருக்கான். எங்க போவணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நீ ஏன் பல்லக் காட்டுற?"

அப்போதுதான் பார்த்தேன். சுவரில் படங்கள் இல்லை. மூலையில் இரண்டு பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

"நானும் போறேன் சவரி. தங்கச்சி ஆஸ்திரேலியாவுல பெர்த்துல இருக்கால்ல, பேப்பர் வந்துருச்சு. வர்ற ஞாயித்துக்கெழம பிளேன்."

தட்டு சுற்றி முடிந்து முள் கரகரவென்று தேய்த்துக்கொண்டிருந்தது. இருவரும் எழுந்து எடுக்கவில்லை.

"ஆன்டி, அன்னிக்கு வாசன வந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது. நான் பிடுங்கல."

"தெரியும்டா. பியானோகிட்ட எனக்கே வந்துச்சே."

"அப்பறம் ஏன் ஒங்க பொறுப்புன்னு சொன்னீங்க?"

"ஒன்னயக் காட்டிக் குடுத்தா ஒன்னய அனுப்பிருவான். என்னய அனுப்ப மாட்டான், எறக்கித்தான் வைப்பான். அந்த நிமிஷத்துல அவ்ளோதான் கணக்குப் போட முடிஞ்சுது." முள்ளை எடுத்து வைத்தார். "அது பரவால்ல. பிடுங்காதது பயம். பயம் யாருக்கும் வரும். நீ அடுத்த நாளு வந்து கேப்டன்கிட்ட சொல்லுவன்னு பாத்தேன். அடுத்த வாரம் சொல்லுவன்னு பாத்தேன். அப்பறம் பாக்கறத விட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

நேராக ஹோட்டலுக்குப் போனேன். கேப்டன் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிளக் என் காலடியில் இருந்தது, வாசனை வந்தது, சயாமா முன்கூட்டியே எச்சரித்தார், நான்தான் செய்யவில்லை.

அவர் பேனாவை மூடினார். "பிளக்கை நானும் பார்த்தேன், சவரி. சயாமா பொய் சொல்கிறார் என்று அன்றே தெரியும். அவர் சொன்னதற்கு மேல் நான் என்ன எழுதுவது? நீ வருவாய் என்று நானும் இரண்டு மூன்று நாள் நினைத்தேன்."

"இப்போது வந்திருக்கிறேன்."

"இப்போது உன்னை அனுப்பலாம்."

"அனுப்புங்கள். சனிக்கிழமை அவருக்குக் கடைசி நாள். அன்றைக்கு அவர் தலைமையில் வாசிக்கட்டும்."

பேனாவை மறுபடி திறந்தார். "சனிக்கிழமை கிளாரினெட்காரருக்கு லீவு. ஞாயிறிலிருந்து உனக்கும்" என்றார்.

சனிக்கிழமை ஆன்டி மேடைக்கு நடுவில் நின்று நாலு எண்ணினார். நாலும் நாலாக இருந்தது. நான் மரக்கிட்டாரை வாசித்தேன். இரண்டாவது பாட்டில் சாக்ஸஃபோன்காரர்களை ஒரு கையசைப்பில் அடக்கிவிட்டு என் பக்கம் தலையாட்டினார். ஒலிபெருக்கி இல்லாமல் நான் வாசித்ததைக் கூடத்தில் முதல் இரண்டு மேசைக்காரர்கள் கேட்டிருக்கலாம். அவர் கேட்டார்.

மறுநாள் விமான நிலையத்தில் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். பெர்த்தில் ஒரு தேவாலயத்தில் பியானோ வாசித்ததாகப் பிறகு யாரோ சொன்னார்கள்.

ஒன்றரை வருடம். ஏறக்குறைய ஐந்நூறு மாலைகள் அவருடைய இடத்தில் இன்னொருவர் நின்றார். அவருக்கு என்னால் திருப்பிக் கொடுக்க முடிந்தது ஒன்றே ஒன்று.